வேலியோரத்து நான்கடி

மனிதன் நிலவில் கால் வைத்துப் பதினோரு வருடம் கழித்து, நான் என் வீட்டு வேலியோரத்தில் கால் வைத்தேன். அங்கேயாவது காற்றில்லை, தண்ணீரில்லை என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனார்கள். என் வேலியோரத்தில் என்ன இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சுதந்திரம் இல்லை.

அது 1980, சித்திரை. இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவறையில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, பிள்ளைகள் இருவரையும் அங்கேயே படிக்க விட்டுவிட்டு, நானும் நவமணியும் மலேசியாவில் எங்கள் ஈப்போவுக்குத் திரும்பியிருந்தோம். லகாட் ரோட்டில் ஒரு வரிசை வீடு வாங்கினோம். பின்புறம் முழுக்க சிமெண்ட். மண் என்று சொல்லிக்கொள்ள இருந்தது, முன்னால் கேட்டிலிருந்து லோங்காங் என்னும் சாக்கடை வரை வேலியை ஒட்டி நீண்ட ஒரு துண்டு. அகலம் நான்கடி. அதன் முன்னே நின்று சபதம் எடுத்தேன்.

இந்த நான்கடியில் வருடம் முழுவதும் கண்ணைப் பறிக்கும் குட்டைப் புதர்ச்செடிகளை வளர்த்தே தீருவேன். ஒரு செடியும் இடுப்புக்கு மேல் போகாது. ஒரு மாதமும் வெறிச்சென்று இராது. ஒரு இலையும் சட்டிக்குள் விழாது.

கடைசி வாக்கியத்தை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் நவமணி பக்கத்தில்தான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

என் ஆசையில் ஒரு நியாயம் உண்டு. இங்கிலாந்தில் எங்களுடையது மூன்றாம் மாடி. பஸ்ஸுக்கு நடக்கும் வழியெல்லாம் அடுத்தவர் வீட்டு முன்தோட்டம். ஒரு புதர் பூத்து ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும். அதுவும் ஓய்ந்தால் மூன்றாவது பழுக்கும். எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகள் மாதிரி ஷிப்ட் போட்டு வேலை பார்த்தன. எனக்கும் ஒருநாள் வரும் என்று பழைய புத்தகக் கடையில் தலையணை கனத்தில் ஒரு தோட்டப் புத்தகம் வாங்கி, அதைக் கப்பலிலும் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

நவமணியின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சுங்காய் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள். மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு தொட்டி வைத்து அதில் மிளகாய் விதை போடுவாள். முளைக்கும். ஒரு சாண் வளரும். குளிர் வந்ததும் செத்துப்போகும். ஒவ்வொரு குளிர்காலமும் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்று, "ஊருக்குப் போனதும் மொத வேலை, வாசல்ல நாலு மொளகா, ஒரு கருவேப்பிலை" என்பாள். நான் தலையாட்டுவேன். குளிரில் தலை தானாக ஆடும் என்று இப்போது சொல்லிப் பார்க்கிறேன். எடுபடவில்லை.

"நவமணி, இங்க ஒரு போர்டர் போடப்போறேன்."

"போர்டரா? சயாம் போர்டர்லருந்து ஆளுங்க அரிசி கொண்டாருவாங்க. நீங்க என்னத்தக் கொண்டாரப் போறீங்க?"

"பூச்செடி போர்டர். வேலிய ஒட்டி. குட்டையான புதர்ச்செடிங்க."

"புதரா?" ஈரத்துணியை என் பக்கம் பார்த்து உதறினாள். "எங்க ஆத்தா எஸ்டேட்ல புதர் வெட்டியே எங்க அஞ்சு பேருக்கும் சோறு போட்டுச்சு. நீங்க காசு கொடுத்துப் புதர் வாங்கி நடப்போறீங்க."

"புத்தகத்துல இருக்கு. வசந்தத்துல பூ. கோடையில இலை. இலையுதிர்காலத்துல பழம். குளிர்காலத்துல செவப்புத் தண்டு. வருசம் பூரா அழகு."

"நமக்கு எது குளிர்காலம்?"

யோசித்தேன். ஈப்போவில் இரண்டே பருவம்தான். ஒன்று, நாலு மணி மழை. மற்றது, நாலு மணி மழைக்கு முந்திய புழுக்கம்.

"எங்க எஸ்டேட்ல பால் மரமெல்லாம் வருசத்துக்கு ஒருவாட்டி மொட்டையா நிக்கும்" என்றாள். "பாலும் கம்மி, சம்பளமும் கம்மி. அடடா, தண்டு என்ன அழகுன்னு ஒருத்தரும் நின்னு பாக்கல லா." பேச்சின் வாலில் ஒட்டும் அந்த மலேசிய 'லா' ஊர் திரும்பியதுமே அவளிடம் திரும்பியிருந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து இருமல் கேட்டது. பக்கத்து வீட்டு இராஜசிங்கம். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்ஷன் வாங்கிய யாழ்ப்பாணத்துக்காரர். தொட்டித் தொட்டியாக ரோஜா வளர்ப்பவர். ரோஜாக்களும் அவர் விசிலுக்குப் பயந்து நேரத்துக்குப் பூத்தன.

"என்ன ஐசே, விடியமுன்னமே பார்லிமெண்ட் கூடியிட்டுதோ?"

சாட்சி கிடைத்ததும் எனக்கு வீரம் வந்தது. "கேட்டுக்குங்க. இந்தத் தீபாவளிக்கு எங்க வீட்ல திறந்த இல்லம், யார் வேணும்னாலும் வரலாம். வர்றவங்க இந்த வேலியோரத்துல கலர் கலரா பார்த்தாங்கன்னா, நிலம் எனக்கு. ஆயுசுக்கும். இல்லேன்னா நவமணிக்கு. மொளகா போடட்டும், முருங்கை போடட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"என்ன செடின்னு முடிவு பண்றது நீங்கதானே?" என்றாள் நவமணி.

"நானேதான்."

"நான் குறுக்க ஒண்ணும் சொல்லக் கூடாது?"

"கூடவே கூடாது."

"சரி."

இருபத்துமூன்று வருட இல்லறத்தில் நான் கற்றிருக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நவமணி சண்டை போடும்போது பயமில்லை. சரி என்னும்போதுதான் ஓட வேண்டும். நான் ஓடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன்.

முதலில் மண். லகாட் ஈயம் தோண்டிய ஊர். வீடு கட்டியவர்கள் பள்ளத்தையெல்லாம் ஈயச் சுரங்கத்து மணலால்தான் நிரப்பியிருந்தார்கள். கையில் அள்ளினால் கடற்கரை. ஒரு லாரி கோழிச் சாணம் இறக்கினேன். ஒரு வாரத்துக்குத் தபால்காரர் எங்கள் வீட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டே கடந்தார். இராஜசிங்கம் ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளிருந்தபடியே நலம் விசாரித்தார்.

பிறகு செடிகள். கோப்பெங் ரோட்டு நர்சரியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தேர்வு செய்தேன். குட்டை ரகச் செம்பருத்தி. சிவப்பு இட்லிப்பூ. முழங்கால் உயர நந்தியாவட்டை. எல்லாமே அடக்கமான செடிகள். எல்லாமே ஓயாமல் பூப்பவை. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று வரிசை கட்டி நட்டேன்.

வைகாசி பிறந்ததும் பூத்தது பாருங்கள்! மாலை வேளையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டிலிருந்து லோங்காங் வரை நடப்பேன். திரும்பி லோங்காங்கிலிருந்து கேட் வரை நடப்பேன். துரைகள் எதற்காக அப்படி நடந்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேறு வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது.

விடிந்தும் விடியாமலும் வெளியே வளையல் சத்தம். கதவைத் திறந்தேன். எதிர் வரிசை வீரம்மா. கூட நான்கு பெண்கள். ஐவர் கையிலும் கூடை.

"அண்ணே, சாமிக்கு ரெண்டு பூ எடுத்துக்கறோம்."

தமிழில் ரெண்டு பூ என்றால் எண்ணிக்கை கிடையாது. அது ஒரு மனநிலை. நான் பல் விளக்கி முடிப்பதற்குள் என் போர்டர் பச்சை வேலியாகிவிட்டது.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களேம்மா!"

"செம்பருத்தி அம்மனுக்கு. இட்லிப்பூ முருகனுக்கு. நந்தியாவட்டை சிவனுக்கு. நீங்க பாத்துப் பாத்துதான் நட்டிருக்கீங்கண்ணே. புண்ணியவான்."

"பிள்ளையாருக்கு அருகம்புல் போதுமே?" என்றேன், ஒரு சாமியையாவது குறைக்கும் எண்ணத்தில்.

"அதத்தான் நேத்து நீங்க களைன்னு புடுங்கிப் போட்டுட்டீங்களே. அவருக்கும் இதுலருந்துதான் எடுக்கணும்."

உள்ளிருந்து நவமணி தட்டில் தேநீரோடு வந்தாள். ஐந்து கோப்பை. ஆறாவது எனக்கு இருக்கும் என்று பார்த்தேன். இல்லை.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். "நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"குறுக்க ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது செடி விஷயத்துல!"

"இது சாமி விஷயம். இன்னும் மோசம். சாமிக்கு இல்லேன்னு சொல்ற வாய் எனக்கு இல்ல. உங்களுக்கு இருந்தா நீங்க சொல்லுங்க."

எனக்கும் இல்லை. நான் இரண்டு மொழியில் படித்தவன். ஆனால் மாரியம்மனுக்கு இல்லை என்று எந்த மொழியில் சொல்லிவிட்டு லகாட் ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது? எண்ணெய் டாங்கி லாரிகள் போகிற ரோடு.

செடி ஒரு வாரத்தில் மறுபடியும் பூக்கும். மறுபடியும் வெள்ளிக்கிழமை வரும். செவ்வாயும் அம்மனுக்கு உகந்த நாள் என்று வீரம்மா எனக்கு விளக்கினாள். அடுத்து, கிருத்திகை. பிறகு, பிரதோஷம். பஞ்சாங்கத்தில் என் செடிகளுக்கு ஓய்வு நாளே இல்லை. வருடம் முழுவதும் அழகு என்பது புத்தகத்தின் வாக்கு. வருடம் முழுவதும் பூசை என்பது நடைமுறை.

நான் விடவில்லை. சாய்வு நாற்காலியில் சாய்ந்து, ஒரு படைத்தலைவனைப்போல் யோசித்தேன். எதிரிக்கு வேண்டியது பூ. பூவே இல்லாத போர்டர் இருந்தால்? இலையே நிறமாக இருந்தால்? குரோட்டன்ஸ்! மஞ்சள், சிவப்பு, கறுப்பு கலந்த இலைகள். வெட்டி வெட்டி வைத்தால் பந்துபோல் அடக்கமாக நிற்கும். எந்தச் சாமியும் குரோட்டன்ஸ் கேட்டதாகப் புராணம் இல்லை.

பூச்செடிகளைப் பெயர்த்து வீரம்மாவிடமே தானம் செய்தேன். அவள் முகத்தில் ஏனோ அவ்வளவு சந்தோஷம் தெரியவில்லை. "எங்க வீட்ல வைக்க எடமில்லையேண்ணே" என்று முணுமுணுத்தாள். பூ கேட்பவளுக்குச் செடியே கொடுத்தால் முணுமுணுப்பா என்று மட்டும் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. நினைப்பது என் பலம் என்று அந்நாளில் ஒரு வதந்தி இருந்தது. நான்தான் பரப்பியவன்.

குரோட்டன்ஸ் ஜொலித்தது. வெள்ளிக்கிழமை வந்தது; யாரும் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. நான் மறுபடியும் துரைபோல் நடக்க ஆரம்பித்தேன்.

ஆடி பிறந்தது. கோயில் நிர்வாகத்து அப்பாவு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"வணக்கம் அண்ணே. தீமிதி வருது. தேருக்கு நாலு பக்கமும் கலர் இலை கட்டணும். ஊரெல்லாம் தேடிட்டேன். உங்க வீட்ல இருக்கறாப்ல தெரு பூராவும் இல்ல."

"அப்பாவு, இது... இது வெளிநாட்டு முறையில..."

"அம்மனுக்கு வெளிநாடு உள்நாடு ஏதுண்ணே?"

அதற்குள் நவமணி பராங் கத்தியோடு வந்தாள். "கூரா இருக்கான்னு பாத்துக்குங்கண்ணே. நேத்துதான் தீட்டினேன்."

அந்த வருடம் அம்மன் தேர் பிரமாதம் என்று ஊரே பேசியது. நானும் பின்னால் நடந்தேன். கும்பிடத்தான் போனேன். பார்த்ததெல்லாம் இலைகளைத்தான். வடபுறம் கட்டியிருந்தது என் ஏழாவது செடி.

வீடு திரும்பினால் வேலியோரத்தில் ஒரு சாண் உயரக் குச்சிகள். குளிர்காலத்தில் தண்டின் அழகு என்று புத்தகம் சொல்வது இதைத்தான் போலும்.

"என்ன ஐசே, மொட்டை அடிச்சாச்சோ?" என்றார் இராஜசிங்கம். "தீபாவளி கிட்ட வருது. உம்மட வீட்டுக்காரி இப்பவே மண்வெட்டி வாங்கியிட்டா போல."

அடுத்து வந்த சில வாரங்கள் எனக்குத் தூக்கம் இல்லை. நிலம் கையை விட்டுப் போகப்போகிறது. அதுகூடப் பெரிதில்லை. இராஜசிங்கம் சாட்சியாக இருக்கிறார். அந்த மனிதர் இரண்டு நிமிடம் தாமதமாக வந்த ரயிலையே இன்னும் மறக்கவில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம். நவமணி நெத்திலிச் சம்பல் வைத்திருந்தாள். அதில் கிடந்த ஒரு சிலி பாடியை, அதுதான் அந்த ஊசி மிளகாயை, தெரியாமல் கடித்துவிட்டேன். கண்ணில் நீர், மூக்கில் நீர், காதில் விசில். அந்தக் கண்ணீரின் நடுவே ஞானம் பிறந்தது.

"நவமணி! சாமிக்கு மொளகா படைப்பாங்களா?"

"சீ, என்ன பேச்சு இது? சாமிக்கு உறைக்காதா?"

"மாலை கட்டிப் போடுவாங்களா? தேருக்குக் கட்டுவாங்களா?"

"யாராச்சும் செய்வாங்களா லா? முதல்ல தண்ணியக் குடிங்க."

தண்ணீர் யாருக்கு வேண்டும்? புத்தகத்தைப் பாய்ந்து எடுத்தேன். அடக்கமான உருவம்: உண்டு. என்றும் பச்சை: உண்டு. வெள்ளைப் பூ, பச்சைக் காய், மஞ்சள் காய், சிவப்புப் பழம்: நான்கும் ஒரே செடியில், ஒரே நேரத்தில்! ஐரோப்பா முழுக்க மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பார்க்கும் பருவங்களை எங்கள் சிலி பாடி ஒரே காலையில் காட்டிவிடுகிறது. எந்தக் கடவுளும் கேட்காத, எந்தக் கூடையும் வராத, நிகரில்லாத புதர்ச்செடி!

"போர்டர் முழுக்க சிலி பாடி நடப்போறேன்" என்று அறிவித்தேன்.

நவமணி கரண்டியைக் கீழே வைத்தாள். "வெளையாடாதீங்க. வாசல்ல போயி மொளகாச் செடியா?"

"ஏன், உனக்குத்தானே மொளகா மொளகான்னு உயிரு?"

"அது அந்தக் காலம். இப்ப எதிர் வீடு பக்கத்து வீடெல்லாம் என்ன சொல்லும்? ரோஜாவுக்குப் பக்கத்துல மொளகாயா? இங்கிலாந்துலருந்து வந்தவங்க வீடு மாதிரியா இருக்கும்?"

"நீ ஒரு பழைய காலத்து ஆளு, நவமணி. அழகு எங்கிருந்தாலும் அழகுதான்."

"வேணாங்க. ஒரு நாலு செடி மட்டும் வச்சு..."

"நாலா? இருபத்தஞ்சு!"

"அய்யோ!" என்று தலையில் கை வைத்தாள். அந்தக் கை எவ்வளவு நேர்த்தியாக வந்து உட்கார்ந்தது என்பதை நான் கவனித்திருக்கலாம்.

"புத்தகம் சொல்லுது, பின்னால கொஞ்சம் உயரமா பச்சை இருக்கணும். கருவேப்பிலைய வெட்டி வெட்டி விட்டா சரியா வரும். ஓரத்துக்கு, சோத்துல வாசனைக்குப் போடுற பாண்டான்."

"கருவேப்பிலையுமா? என்னங்க, ஒரேடியா கவுத்துடாதீங்க."

"முடிவு பண்றது நான். குறுக்க பேசக் கூடாது."

"சரி" என்றாள், குரல் உடைந்து. "ஆனா நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லக் கூடாது."

"மாட்டேன். பேரு புகழ் எல்லாம் எனக்கே."

இலை சட்டிக்குள் விழாது என்ற சபதம் லேசாக உறுத்தியது. நல்லவேளை, மனதுக்குள் எடுத்த சபதம். சாட்சி கிடையாது.

இனி ஒரே கவலை, தீபாவளிக்குள் காய்க்க வேண்டுமே. விதை போட்டு எப்போது முளைத்து எப்போது வளர்வது? நவமணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பின்னாடி ஏதோ ரெண்டு செடி மொளைச்சிருக்கு. குருவி போட்ட வெதையா இருக்கும்."

போய்ப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில், சுவரோரமாக, காலிப் பால் டின்களில் இருபத்தைந்து மிளகாய்ச் செடிகள். சில மொட்டுவிட்டிருந்தன. குருவி ஒவ்வொரு டின்னின் அடியிலும் ஆணியால் துளைபோட்டு, மண் நிரப்பி, நடுவில் ஒரு விதையாகப் போட்டிருந்தது. கடைசியில் இரண்டு கறிவேப்பிலைக் கன்றும் வைத்திருந்தது.

"ஆண்டவன் நம்ம பக்கம், நவமணி!" என்றேன்.

"ஆமாங்க" என்றாள்.

தீபாவளி வந்தது. என் வேலியோரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளையும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக, யாரோ வேலியில் சீரியல் பல்பு மாட்டியதுபோல் செடிக்குச் செடி மின்னியது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டிலேயே நின்றார்கள். உள்ளே நெய்யுருண்டை காத்திருப்பதையே மறந்தார்கள். இராஜசிங்கம் வெள்ளை வேட்டியில் வந்து, வேலியோரமாக ஒரு நடை நடந்து, ஒரு செடியையும் விடாமல் பரிசோதித்தார்.

"வடிவாய் இருக்குது ஐசே. நான் ஒத்துக்கொள்ளுறன். மிளகாய்க்கண்டை இப்பிடி ஒருத்தரும் யோசிச்சதில்லை."

நவமணி முறுக்குத் தட்டோடு வந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "ஐயா, நீங்கதான் சாட்சி. நான் தோத்துட்டேன். நெலம் அவருக்குத்தான். ஆயுசுக்கும்."

கைதட்டினார்கள். நான் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். வாழ்நாளில் மனைவியை வென்ற ஒருவனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

"நெலம் அவருதுங்கறதால தண்ணி ஊத்துறது, களை எடுக்குறது, கோழிச் சாணம் அள்ளிப் போடுறது எல்லாம் இனி அவரு பாத்துக்குவாரு" என்றும் சேர்த்துக்கொண்டாள். அதற்கும் கைதட்டினார்கள்.

மத்தியானம் வீரம்மா விடைபெற்றாள். கையில் ஒரு பை. பை நிறைய என் மிளகாய். மேலாக இரண்டு கொத்துக் கறிவேப்பிலை.

"வாரேன் அண்ணே. இப்பதான் வெள்ளிக்கிழமையில நல்லா அசந்து தூங்குறேன். எங்க வீட்டுச் செம்பருத்தியே பறிக்க ஆளில்லாம கொட்டிக் கெடக்கு. அக்கா கூப்புட்டாங்களேன்னு இருட்டோட எழுந்து கூடையத் தூக்கிட்டு இங்க வந்தா, என் வீட்டுக்காரரு அப்பல்லாம் திட்டுவாரு."

"எந்த அக்கா?"

வீரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தீபாவளி வாழ்த்து என்று அவசரமாகச் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

சமையலறைக்குப் போனேன். நவமணி வடை மாவில் பச்சை மிளகாய் அரிந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"வீரம்மா வீட்லயே செம்பருத்தி இருக்காமே?"

"இருக்கே. நம்மளவிட நல்ல ரகம்."

"அப்பாவுகிட்ட குரோட்டன்ஸ் இருக்குன்னு யாரு சொன்னது?"

"கோயில்ல கேட்டாங்க. கோயில்ல பொய் சொல்லலாமா?"

எண்ணெய் காய்ந்தது. ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் போயிருந்தால் இன்றுவரை நிம்மதியாக இருந்திருப்பேன்.

"அப்போ அந்த மொளகா யோசனை?"

நவமணி திரும்பி, இரக்கத்தோடு என்னைப் பார்த்தாள்.

"அது உங்க யோசனைதாங்க, சத்தியமா நான் வாயே தொறக்கல. ஆனியிலேயே வந்துரும்னு பாத்தேன்; ஆவணி வரைக்கும் இழுத்துட்டீங்க லா."